திட்டினால் நகரும் வீடுகள்

வீடு நகரும் என்று நான் சொன்னபோது மாலாங் குண்டாவில் ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. கடலே நகர்ந்து வந்து பள்ளிக்கூடச் சுவரைத் தின்றுவிட்ட ஊர் அது. "கடல் நடக்குது, வீடு நடக்கக் கூடாதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மாங்கு மாங்கென்று தயாரித்துக் கொண்டுபோயிருந்த படங்களை யாரும் பார்க்கவே இல்லை.

காம்பியா ஒரு ஆறும் அதன் இரண்டு கரையும் மட்டுமே உள்ள நாடு. மேற்கு ஆப்பிரிக்காவின் ஓரத்தில் ஒல்லியாகப் படுத்திருக்கும். ஐரோப்பாவில் குளிர் தாங்காதவர்கள் விமானம் பிடித்து வந்து அதன் கடற்கரையில் வெயில் காய்வார்கள். மாலாங் குண்டாவின் கரையில் புது விடுதிகள் கட்ட வேண்டும், ஊரோ கடலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, ஆகவே ஊரைத் தூக்கிப் பின்னால் மேட்டில் வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. வைக்கும்போதே ஊரையும் ஒரு சுற்றுலாத் தலமாக்கி, வீட்டுக்கு ஒரு விருந்தினர் அறை போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் வருமானம். இந்தக் குடியிருப்புத் திட்டத்தை எடுத்துச் செய்ய வந்தது சென்னையில் இருக்கும் எங்கள் கம்பெனி. கம்பெனி சார்பாக வந்தது நான், கோவில்பட்டி ஆவுடைநாயகி.

அவர்கள் பேசியது வொலோஃபும் ஆங்கிலமும் கலந்த மொழி. என் காதில் அது சுத்தத் தமிழாகத்தான் விழுந்தது. அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

"சரிம்மா, வீடு எதுக்கு நடக்கணும்?" என்று கேட்டவர் கரம்பா பாஜி. படகு பழுது பார்ப்பவர், ஐம்பது வயதுக்கு மேல், தலையைவிடப் பெரிய சிரிப்பு.

"பக்கத்து வீட்டோட ஒத்துப்போகலைன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"சகிச்சுக்குவோம்."

"இனிமே சகிக்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலயும் ஒரு காது இருக்கும். யார் யாரோட எப்படிப் பேசுறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஒத்துப்போறவங்க வீடு பக்கத்துல வரும், ஒத்துப்போகாதவங்க வீடு தள்ளிப் போகும். மத்தியானம் எல்லாரும் தூங்குற நேரத்துல மெதுவா, புல்டோசர் மாதிரி சங்கிலிச் சக்கரத்துல நகரும். தூக்கம்கூடக் கலையாது."

"எதுக்கு இவ்வளவு பாடு?"

"வர்ற டூரிஸ்ட் காதுல சண்டை விழக் கூடாது. உலகத்துலயே சண்டை இல்லாத ஊர்னு விளம்பரம் பண்ணப் போறோம்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். தெனிங் சார்; சார் என்பது அவள் குடும்பப் பெயர். மீன் புகை போட்டு விற்பவள், கரம்பாவின் பக்கத்து வீட்டுக்காரி. "அப்போ இந்தச் சோத்துப்பானைக்கு எங்கேம்மா இடம்? கடலுக்குள்ளயா?" என்று கரம்பாவைக் காட்டிக் கேட்டாள்.

"என் அடிமைக்கு இன்னைக்குப் பேச்சு அதிகமா இருக்கு," என்றார் கரம்பா.

"யாருடா அடிமை? உன் தாத்தாவை என் தாத்தா ஒரு கூடை கருவாட்டுக்கு வாங்கினாரு. கருவாடு கெட்டுப்போச்சுன்னு திருப்பியும் குடுத்துட்டாரு!"

திட்டத்துக்குச் சரியான ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் முடியும்போது தெனிங் என் பெயரைக் கேட்டாள். ஆவுடைநாயகி என்றதும் ஒரு நிமிஷம் யோசித்தாள். "அதெல்லாம் வாயில நுழையாது. இன்னையிலிருந்து நீ ஃபாத்து சார். எங்க வீட்டுப் பொண்ணு." அந்த நாட்டில் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு பெயரும் ஒரு குடும்பப் பெயரும் கொடுத்துவிடுவார்கள். குடும்பப் பெயர் இல்லாதவளோடு எப்படிப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாது.

மழைக்காலம் முடிந்ததும் ஊர் மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. நல்ல வீடுகள். நடுவில் ஒரு மாமரம், மரத்தடியில், கூரைக் காதுகள் கேட்டதை வைத்து வீடுகளை நகர்த்தும் எங்கள் இயந்திரம். அதற்கு இணக்கன் என்று பெயர் வைத்திருந்தோம். இணக்கன் வெறும் தகரப் பெட்டியாக இருந்தால் புகைப்படத்தில் எடுபடாது என்று, அதற்கும் கூரை வேய்ந்து, கதவு வைத்து, சக்கரம் மாட்டி, ஊரில் ஒரு வீடாகவே ஆக்கச் சொல்லியிருந்தார் கதிரேசன். சென்னையில் எங்கள் முதலாளி அவர்தான்.

கதிரேசன் என் சொந்த அத்தை மகன். சின்ன வயதில் என் ஜடையைக் கட்டில் காலில் கட்டியவன், நான் அவன் சட்டைப்பைக்குள் வெல்லப்பாகு ஊற்றியிருக்கிறேன். என் அக்கா கல்யாணத்தில் பந்தி விஷயமாக எங்கள் அப்பாவுக்கும் அவன் அப்பாவுக்கும் மனஸ்தாபம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் பேச்சில் மரியாதை புகுந்துவிட்டது. "வாங்க ஆவுடை, நல்லா இருக்கீங்களா?" என்பான். நானும் "நல்லா இருக்கேன், நீங்க?" என்பேன். உறவுக்காரிக்கு வேலை தராவிட்டால் ஊர் பேசும், தந்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டால் பேசாது. இது அவனுடைய கணக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

இணக்கன் வேலையைத் தொடங்கியது. கொஞ்ச நாளில் தெனிங்கின் வீடு கிழக்கேயும் கரம்பாவின் வீடு மேற்கேயும் போக ஆரம்பித்தன. போகாதா பின்னே? காலையில் கண் விழித்ததும் தெனிங் ஜன்னலைத் திறந்து, "ஏய் சோத்துப்பானை! இன்னும் சாகலையா?" என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து, "உன்னைப் புதைச்சிட்டுத்தாண்டி போவேன், மீன் திருடி!" என்று பதில் வரும். ஒவ்வொரு வசவுக்கும் வீடுகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகின. தூரம் கூடியதால் இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள், குரல் உயர்ந்ததால் இணக்கன் இன்னும் பயந்து வீடுகளை இன்னும் தள்ளியது.

இதே நேரத்தில் பக்காரி ஜாட்டா, செக்கு ஜாட்டா என்ற அண்ணன் தம்பியின் வீடுகள் ஒட்டிப் பிறந்தவைபோல் வந்து நின்றன. முந்திரித் தோப்புப் பங்கில் ஜென்மப் பகை அவர்களுக்கு. ஆனால் பார்க்கும்போதெல்லாம் "காலை வணக்கம் அண்ணா, உடம்பு சுகமா, வீட்டில் எல்லோரும் சுகமா, ஆடு மாடு சுகமா" என்று முறை தவறாமல் விசாரித்துக்கொள்வார்கள். இணக்கன் உருகிவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் நேராக வைத்துவிட்டது. பாவம், விடிந்து எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மரியாதையாக இருந்தே தீர வேண்டிய நிலைமை. செக்குவுக்கு வயிற்றுப்புண் வந்துவிட்டது.

ஒரு நாள் கரம்பா என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"ஃபாத்து, என் வீடு எதுக்குப் போய்க்கிட்டே இருக்கு?"

"உங்களுக்கும் தெனிங் அக்காவுக்கும் ஆகலை இல்லையா, அதான்."

"யாருக்கு ஆகலை?"

"உங்க ரெண்டு பேருக்கும். காலையில எழுந்திரிச்சா அந்தத் திட்டுத் திட்டுறீங்களே."

கரம்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியத்திடம் பேசுவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு தரையில் உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னார்.

"அவ செரேர் சாதி, நான் ஜோலா. ஒரு காலத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேர் ஒரே படகுல போனாங்க. புயல்ல படகு ரெண்டா உடைஞ்சு போச்சு. ஒருத்தி வடக்கே ஒதுங்கினா, அவ வம்சம் செரேர். இன்னொருத்தி தெற்கே ஒதுங்கினா, அவ வம்சம் நாங்க. அதுக்கப்புறம் எங்கே பார்த்தாலும் திட்டிக்குவோம். ஏன் கையை விட்டேன்னு திட்டுறோம்னு வையேன். அதுல கோவிச்சுக்கக் கூடாது. கோவிச்சுக்கிட்டா அவன் மனுஷனே இல்லை. சார்ங்கிறது செரேர் பேரு, நீகூட சார் தானே? உன்னை இதுவரைக்கும் ஒரு ஜோலாவும் திட்டலையா?"

"இல்லை."

"புதுசுன்னு பொறுத்துப் போயிருக்காங்க. இனிமே திட்டுவாங்க, என் அடிமையே."

எனக்குச் சட்டென்று புரிந்தது. புரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம். மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் வாராத கல்யாணம் எங்கள் ஊரில் உண்டா? கொழுந்தியாள் ஒன்றும் சொல்லாமல் சும்மா இருந்தால்தான் மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வரும், பெண் வீட்டில் ஏதோ கோளாறு என்று.

"ஆனா நான் அதுக்காக வரலை," என்றார் கரம்பா. "அவளுக்குச் சர்க்கரை இருக்கு. அது இறங்கிருச்சுன்னா நின்ன இடத்துல விழுந்துருவா. தனியா இருக்கிறவ. காலையில அவ திட்டுச் சத்தம் வரலைன்னா நான் சுவரைத் தாண்டிக் குதிச்சுப் போய்ப் பார்ப்பேன். ரெண்டு தடவை அப்படித்தான் பொழைச்சா." சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். தேநீருக்குப் போடும் சர்க்கரைக் கட்டிகள். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னா அவ கத்துறது எனக்குக் கேட்காது, ஃபாத்து."

அன்றே கதிரேசனைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க சொல்றது நல்லாப் புரியுது, ஆவுடை," என்றான். "ஆனா இணக்கனுக்கு லட்சக்கணக்கான மனுஷப் பேச்சைக் கேட்க வச்சுத்தான் எது அன்பு, எது பகைன்னு கத்துக் குடுத்திருக்கோம். தப்பு வர வாய்ப்பில்லைங்க."

"யாரோட பேச்சு?"

"கஸ்டமர் கேர் அழைப்புகள். மொத்தமா மலிவாக் கிடைச்சது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பணம் பிடித்துக்கொண்டு பேலன்ஸ் ஏறவில்லை என்று அழுகிறவனிடம், "தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி, வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று கேட்கிற குரலைத்தான் இந்த இயந்திரம் உலகத்தின் உச்சபட்ச அன்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. ஜாட்டா சகோதரர்கள் இதன் காதுக்குக் காதல் ஜோடி!

"இதை உடனே மாத்தணும்," என்றேன்.

"ஊரைப் பார்க்க அந்த நாட்டு மந்திரி வரப்போறாரு, வந்து பார்த்துட்டுப் போகட்டும்ங்க. அதுவரைக்கும் எதையும் தொட வேண்டாமே, ப்ளீஸ். அவங்களைக் கொஞ்சம் மரியாதையாப் பேசச் சொல்லிப் பாருங்களேன். வீடு தன்னால பக்கத்துல வந்துடும்."

சொல்லிப் பார்த்தேன். தெனிங் முதலில் கெக்கலி கொட்டிச் சிரித்தாள். வீடு பக்கத்தில் வர வேறு வழியில்லை என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை நான் கரம்பாவின் வீட்டு வாசலில் போய் நின்றேன். தெனிங் அத்தனை தூரத்தையும் நடந்து வந்து, பள்ளிக்கூட விழாவில் வரவேற்புரை படிக்கிறவள் மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"காலை வணக்கம், திரு. பாஜி அவர்களே. இரவு நன்றாகத் தூங்கினீர்களா?"

கரம்பா தொண்டையைச் செருமினார். "நன்றி, திருமதி சார் அவர்களே. தங்கள் தயவால் தூங்கினேன். தங்களுடைய மீன்கள் நலமா?"

"அவை அனைத்தும் இறந்துவிட்டன. அதுதானே என் தொழில்."

கரம்பாவின் உதடு துடித்தது. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெனிங் முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

இதைப் பார்த்த ஊர் நடுங்கிப்போயிற்று. சாரும் பாஜியும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் விஷயம் கொலையில்தான் முடியும் என்று பேசிக்கொண்டார்கள். ஊர்த் தலைவர் பெரியவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, நம் ஊர் வெற்றிலை பாக்குபோல் அங்கே வைக்கும் கோலாக் கொட்டைத் தாம்பாளத்தோடு சமரசம் பேச வந்துவிட்டார். "என்ன இருந்தாலும் ஒரே ஊர்க்காரங்க. ஒரு வார்த்தை திட்டிட்டுச் சமாதானமாப் போயிருங்கப்பா," என்று கெஞ்சினார். இவர்கள் இருவரும் தாங்கள் சுகமாகவே இருப்பதாகவும், பெரியவர்கள் இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்ததற்கு நன்றி என்றும் சொன்னார்கள். பெரியவர் ஒருவர் அழுதே விட்டார்.

வீடுகள் மெல்ல மெல்லத் திரும்பி வரத் தொடங்கின. கதிரேசன் இரண்டு வரியில் பாராட்டு அனுப்பினான். ஆனால் மரியாதையாகப் பேசி எவ்வளவுதான் பேச முடியும்? சுகமா, சுகம் என்று முடிந்துவிடுகிறது. திட்டுவதென்றால் தினமும் புதிதாக யோசிக்க வேண்டும், அவன் நேற்று என்ன சாப்பிட்டான், எந்தச் சட்டை போட்டான் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் தெனிங் காலையில் வருவதையே குறைத்துக்கொண்டாள். "பேசாம இருந்தா இன்னும் மரியாதைதானே," என்று என்னிடம் சொன்னாள். அந்தக் குரலில் கருவாட்டுக் கதை சொன்னவளைக் காணோம்.

ஒரு காலையில் வழக்கம்போல் இணக்கனின் திரையைப் பார்த்தேன். தெனிங் சார் வீட்டுக்கு நேரே இதுவரை இல்லாத உயர்ந்த மதிப்பெண் எரிந்துகொண்டிருந்தது. பகை துளியும் இல்லை. வசவு இல்லை, சத்தமான பேச்சு இல்லை, பாத்திரம் உருட்டும் ஓசைகூட இல்லை. பூரண அமைதி. பாராட்டு என்று பச்சை விளக்கு வேறு கண் சிமிட்டியது.

மீன் புகை போடுகிறவள் வீட்டில் விடிந்து இத்தனை நேரமாகப் பாத்திரச் சத்தம் இல்லையா?

செருப்பை மாட்டாமல் ஓடினேன். வழியில் கரம்பாவின் வீட்டுப் பக்கம் பார்த்து, "தெனிங் அக்கா! சத்தமே இல்லை!" என்று கத்தினேன். என்னைவிட இருபது வயது மூத்த அந்த மனிதர் என்னைத் தாண்டி ஓடினார். கதவை உதைத்தார். தெனிங் அடுப்பங்கரைத் தரையில் கிடந்தாள், உடம்பெல்லாம் வியர்வை, கண் பாதி திறந்திருந்தது. கரம்பா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கரைக் கட்டியைத் தண்ணீரில் நசுக்கி உதட்டில் தடவினார். முதலில் நாக்கு அசைந்தது. பிறகு கொஞ்சம் விழுங்கினாள்.

"தெனிங், கேட்குதா? எப்படி இருக்கே?"

"இங்கேதான் இருக்கேன்," என்றாள் அவள். அந்த ஊரில் நலமா என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில்தான். நான் அப்படியே சுவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

அவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கரம்பா நேராக மாமரத்தடிக்கு வந்தார். கையில் படகு ஆணி அடிக்கும் சுத்தியல். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன், தடுக்கிற எண்ணம் எனக்கும் இல்லை. அவர் சுத்தியலை ஓங்கிவிட்டுக் கீழே இறக்கினார்.

"இவன் பேர் என்ன?"

"இணக்கன்."

"குடும்பப் பேரு?"

"இயந்திரத்துக்கு ஏது குடும்பப் பேரு?"

"குடும்பப் பேர் இல்லாதவனை எப்படிம்மா திட்டுறது? அது அநாகரிகம்." சற்று யோசித்தார். "இவன் ஜூஃப். இன்னையிலிருந்து இணக்கன் ஜூஃப். நல்ல செரேர் பேரு." பிறகு ஆரம்பித்தார். "ஏண்டா ஜூஃப், தகரத் தலையா! காது மட்டும் இருந்தாப் போதுமாடா, மூளை வேண்டாமா? சாகப் போறவளைப் பார்த்துப் பச்சை விளக்கு போடுறியே, உன்னைப் பெத்தவன் யாருடா?"

உன்னைப் பெத்தவன் யாரு என்றபோது எனக்குச் சென்னைப் பெருங்குடியில் இருக்கும் எங்கள் ஆபீஸ் கண்முன் வந்தது.

ஊரில் பாதிப் பேர் ஜோலா. புதிதாக ஒரு ஜூஃப் குடிவந்திருக்கிறான், திட்டலாம் என்று தெரிந்ததும் மாமரத்தடி திருவிழாவாகிவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று ஒரு வசவு வைத்துவிட்டுப் போனார்கள். மாவு இடிக்கிற பெண்கள் உலக்கைக்கு ஒரு வசவு வைத்தார்கள். செக்கு ஜாட்டா தனக்கு முறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று வந்து, அண்ணனிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் அதனிடம் கொட்டினார். வயிற்றுவலி பாதி குறைந்தது என்றார்.

இணக்கன் கணக்குப் போட்டது. ஊரிலேயே அதிகப் பகை சம்பாதித்திருப்பது எந்த வீடு? மாமரத்தடி வீடு. விதி விதிதானே. மத்தியானம் எல்லோரும் படுத்ததும் இணக்கன் தன் கூரையோடும் கதவோடும் மெதுவாகக் கிளம்பியது. எழுந்து பார்த்தவர்கள் பின்னாலேயே போய்த் திட்டினார்கள். மறுநாள் இன்னும் கொஞ்சம் போயிற்று. கடைசியில் ஊருக்கு வெளியே நிலக்கடலைக் காட்டுக்குள் போய், எந்தக் கூரைக் காதின் சேதியும் வந்து எட்டாத தூரத்தில் நின்றுகொண்டது. வீடுகள் அத்தனையும் இருந்த இடத்தில் நின்றுபோயின.

தெனிங் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று ஊரே கூடி அவள் வீட்டைத் தள்ளியது. சக்கரத்தின் பூட்டை நான் கழற்றிவிட்டேன், மற்றதெல்லாம் தோள்பலம். தெனிங் உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக அதிகாரம் செய்தாள். "நல்லாத் தள்ளுடா சோத்துப்பானை! தின்ன சோறெல்லாம் எங்கே போச்சு?" கரம்பா தள்ளிக்கொண்டே, "உன் கனம் தாங்கலைடி, இறங்கி நடந்து வாடி!" என்றார். சுவரோடு சுவர் உரச நிறுத்தினோம். அந்தப் பக்கம் ஜாட்டா சகோதரர்களின் வீடுகளையும் ஊரின் இரண்டு கோடிக்குத் தள்ளிவிட்டோம். அவர்கள் இருவரும் முதல்முறையாக மனதார ஒருவருக்கொருவர் நன்றி சொன்னார்கள்.

இதற்குள் மந்திரி வந்துவிட்டார். உலகத்தில் சண்டையே இல்லாத ஊரைப் பார்க்கக் காரிலிருந்து இறங்கியவர் காதில் முதலில் விழுந்தது தெனிங்கின் குரல். என் வேலை போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மந்திரியின் பெயர் சாம்பூ, ஜோலாக்காரர். "யாரங்கே, ஒரு சார் பொம்பளை குரல் மாதிரி இருக்கு? என் அடிமைக்கு இவ்வளவு நல்ல வீடா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டார். கூட வந்த ஐரோப்பியர்கள் தங்களையும் யாராவது திட்டுவார்களா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்கள். குடும்பப் பெயர் வாங்கிக்கொண்டால் திட்டுவார்கள் என்றேன். வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

புறப்படும்போது மந்திரி கடலைக்காட்டைக் கைகாட்டினார். "அங்கே என்ன ஒரு வீடு தனியா நிக்குது?"

"அது இயந்திரம்ங்க. ஊரார் ஜூஃப்னு பேர் வச்சுத் திட்டினதுல கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"அய்யய்யோ, கோவிச்சுக்கிட்டானா? அப்போ அவன் இன்னும் மனுஷன் ஆகலை. கத்துக்குடுத்துக் கூட்டிட்டு வாங்கம்மா."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கடலைக்காட்டில் உட்கார்ந்து கஸ்டமர் கேர் குரல்கள் அத்தனையையும் இணக்கனிடமிருந்து துடைத்தெறிந்தேன். பதிலுக்கு ஊரின் பேச்சைக் கொடுத்தேன். எது அன்பு, எது பகை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதில் அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன்: யாராவது விழுந்தால் யார் ஓடி வந்தார்கள் என்று பார், அவர்கள் அதற்குமுன் எப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று நீயே கண்டுபிடி. கூரைக் காதுகளில் எல்லாம் பதிந்துதான் இருந்தது, காலடிச் சத்தம் உட்பட.

இணக்கன் தானாகவே மாமரத்தடிக்குத் திரும்பி வந்தது. கரம்பா தகரத் தலையா என்றார். அது விலகவில்லை, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து நின்றது. அவருக்கு வாயெல்லாம் பல்.

அன்று கதிரேசன் கூப்பிட்டான். "வணக்கம் ஆவுடை. மந்திரிகிட்டேயிருந்து நல்ல கடிதம் வந்திருக்கு. உங்களுக்கு மனமார்ந்த வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கோங்க."

"ரொம்ப நன்றிங்க. அத்தை, மாமா சௌக்கியமா?"

"சௌக்கியம்ங்க. உங்க வீட்டில?"

"எல்லாரும் சௌக்கியம்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே இணக்கனின் திரையில் புதிதாக ஒரு வரி வந்திருந்தது. நாங்கள் பேசியதை அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஃபாத்து சார், சென்னைக் குரல்: கடும் பகை. ஊரில் இதுவரை காணாத அளவு. விழுந்தால் ஓடி வர வாய்ப்பில்லை. அதற்குக் கீழே, என் வீட்டை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் இந்தப் பகைக்குத் தூரம் போதாது என்று வருத்தம் தெரிவித்திருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு வரவில்லை. இயந்திரம் தப்பாகச் சொல்கிறது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது, சொல்ல முடியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கதிரேசன் பூங்கொத்து அனுப்பினான். நானும் நன்றி என்று பதில் அனுப்பினேன். வெல்லப்பாகு ஊற்றிய சட்டையோடு பள்ளிக்கூடம் போய் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கியவன் அவன். அவனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மறுபடி கூப்பிட்டேன்.

"சொல்லுங்க ஆவுடை, ஏதாவது பிரச்சினையா?"

"ஏலே கூமுட்டை," என்றேன்.

அதோடு விடவில்லை. "கஸ்டமர் கேர் பேச்சை வச்சு மனுஷனை அளக்கிறியே, உனக்கெல்லாம் எவன்லே இன்ஜினியர் பட்டம் குடுத்தான்? ஒரு பொம்பளை செத்துப்போகப் பார்த்தா, தெரியுமா? பந்தியில அப்பளம் பத்தலைன்னு உங்கப்பன் எந்திரிச்சுப் போனா அதுக்கு நீ எதுக்குலே எனக்கு வணக்கம் போடுற?"

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் ஓசை, கதவு ஓசை.

"போர்டு மீட்டிங்ல இருக்கேன்ட்டி, கோட்டிக்காரி," என்றான். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். எல்லாவனும் கேட்டுட்டானுவ."

"கேக்கட்டும்."

"அப்பளம் பத்தாம ஒண்ணும் போகலை. எங்கப்பாவை ரெண்டாம் பந்தியில உக்காரச் சொன்னது உங்க அப்பா."

"எங்க அப்பா அப்படித்தாம்லே சொல்லுவார், வாயை மூடு எருமை!"

அப்புறம் என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கத்தினேன், அவன் அங்கே மூக்கை உறிஞ்சியது தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் மாமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. தெனிங்கும் கரம்பாவும் முன்னால் நின்றார்கள்.

"யாரு அது?" என்று கேட்டாள் தெனிங்.

"என் அத்தை மகன்."

தெனிங் நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா! இத்தனை நாளா உனக்குச் சொந்தக்காரங்களே கிடையாதுன்னு நினைச்சு, எங்களுக்குள்ளே அழுதுக்கிட்டு இருந்தோம்டி."